கர்டர் என்பது தூலம்

மேம்பால வேலைத்தளங்களில் "இன்னிக்கு ராத்திரி கர்டர் ஏத்துறோம்" என்று ஊழியர்கள் பேசுவது காதில் விழுந்திருக்கும். தூணுக்குத் தூண் படுக்கையாகக் கிடந்து, சாலையின் பாரத்தையும் ஓடும் வண்டிகளின் பாரத்தையும் தூண்களிடம் சேர்க்கும் பெரிய தாங்கிதான் கர்டர். சிறிய பீம்களின் சுமையையும் இது வாங்கிக்கொள்ளும்.

இடுப்பைச் சுற்றிக் கட்டுவதைக் குறிக்கும் 'கர்ட்' என்ற பழைய ஆங்கில வினையிலிருந்து பிறந்த சொல் இது. கச்சையைக் குறிக்கும் 'கர்டில்' இதன் உடன்பிறப்பு. முதலில் தச்சர்களின் சொல்லாக இருந்தது. மரம் போய் இரும்பும் கான்கிரீட்டும் வந்த பிறகும் பெயர் மாறவில்லை.

சிங்கப்பூரில் கர்டரின் அழகைப் பார்க்க வேண்டுமென்றால் துவாஸ் இரண்டாம் இணைப்பைத்தான் சொல்வேன். சிங்கப்பூரை மலேசியாவோடு இணைத்து, ஜோகூர் நீரிணைக்கு மேல் ஏறக்குறைய 1.9 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் பாலம், 1998இல் திறக்கப்பட்டது. பேருந்தில் போகிறவருக்கு அதன் சிறப்பு தெரியாது, எல்லாம் சக்கரத்துக்குக் கீழே இருக்கிறது. அங்கே இருப்பது பெட்டி வடிவக் கர்டர், உள்ளே வெறும் கூடு. வளையும் தாங்கியில் இழுப்பும் நசுக்கலும் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலுமே அதிகம். நடுவில் கான்கிரீட்டை நிரப்பினால் வீண் பாரம்தான் கூடும். நான்கு பக்கமும் மூடியிருப்பதால் ஒரு பக்கம் மட்டும் லாரிகள் வரிசைகட்டி நின்றாலும் எளிதில் முறுக்கிக்கொள்ளாது.

இத்தகைய கர்டரைக் கடலுக்கு மேல் கட்டும் முறை இன்னும் சுவையானது. கீழே சாரம் கட்ட வழியில்லாத இடத்தில், தூணின் உச்சியில் தொடங்கி இரு பக்கமும் துண்டு துண்டாக நீட்டிக்கொண்டே போவார்கள். தோளில் காவடி நிற்பதுபோல், இந்தப் பக்கம் ஒரு துண்டு சேர்ந்தால் அந்தப் பக்கமும் ஒன்று சேர வேண்டும். நசுக்கலைத் தாங்கும் கான்கிரீட் இழுப்பைத் தாங்காது. அதனால் எஃகு வடங்களை உள்ளே ஓட்டி, முறுக்கேற இழுத்துப் பூட்டுவார்கள். 1928இல் பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஃபிரேசினே காப்புரிமை பெற்ற முன்தகைவு உத்தி அது. அடுத்த தூணிலிருந்து வரும் கை நடுவில் வந்து சேரும்வரை இரண்டும் அந்தரத்தில்தான் நிற்கும். தூணருகே பாரம் அதிகம் என்பதால் கர்டர் அங்கே தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும்.

தமிழில் இதற்குச் சொல் பஞ்சமே இல்லை: உத்தரம், விட்டம், தூலம். உத்தரத்துக்குப் 'பதில்' என்ற பொருளும் உண்டு. விட்டம் குறுக்கே கிடப்பது. வட்டத்தின் குறுக்களவும் அதே சொல்தான். போதாக்குறைக்கு, 'விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான்' என்றால் நமக்குச் சோம்பேறிதான் நினைவுக்கு வருவான். ஓட்டு வீட்டில் சுவருக்குச் சுவர் கிடந்து கூரையைத் தாங்கிய பெருமரம் தூலம். செய்யும் வேலையும் அதே, கனமும் சொல்லிலேயே இருக்கிறது. என் ஓட்டு இதற்கே. பெட்டி வடிவில் இருந்தால் 'பெட்டித் தூலம்' என்று எழுதலாம். வேலைத்தளத்தில் கர்டர் கர்டராகவே இருக்கட்டும். அங்கே பளுதூக்கியை இயக்குபவருக்கும் அது புரிய வேண்டும்.