ஊரே பிணை நின்ற நீதிமன்றம்

இடைக்கால இங்கிலாந்தில் காவல்துறை என்று தனியாக எதுவும் இல்லை. திருடனைத் துரத்திப் பிடிப்பதிலிருந்து சிறு வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்வது வரை அக்கம்பக்கத்தாரே செய்தாகவேண்டும். அந்தப் பொறுப்பைச் சுமந்த நிர்வாகப் பிரிவுதான் ஹண்ட்ரட். ஒவ்வொரு ஷயரும், அதாவது மாவட்டமும், பல ஹண்ட்ரட்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. டென்மார்க்கிலிருந்து வந்த டேனியர் குடியேறிய யார்க்‌ஷயர், லிங்கன்ஷயர் பகுதிகளில் இதே பிரிவுக்கு வேப்பன்டேக் என்று பெயர்.

ஹண்ட்ரட் மன்றம் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை கூடவேண்டும் என்று 10ஆம் நூற்றாண்டு அரசாணை ஒன்று விதித்தது. 1234இல் அது மூன்று வாரம் என்றானது. ஒரு மேட்டிலோ, பெரிய மரத்தடியிலோ, ஆற்றைக் கடக்கும் துறையிலோ திறந்தவெளியில் கூடிய அந்த மன்றத்தில் கடன் பாக்கி, அடிதடி, பயிரில் மாடு மேய்ந்தது போன்ற வழக்குகளே அதிகம். தலைமை வகித்த அதிகாரி தீர்ப்பு வழங்குவதில்லை என்பதுதான் இதில் மிக முக்கியமானது. தாங்கள் வைத்திருந்த நிலத்தின் பேரில் மன்றத்துக்கு வரக் கடமைப்பட்டிருந்த உள்ளூர்க்காரர்களே தீர்ப்பைச் சொன்னார்கள்.

இதற்குப் பின்னால் கூட்டுப் பிணை என்ற கடுமையான ஏற்பாடு இருந்தது. நாட்டின் பெரும்பகுதியில், 12 வயதைக் கடந்த ஆண்கள் ஏறக்குறைய பத்துப் பேர் கொண்ட குழுக்களில் சேர்க்கப்பட்டார்கள். குழுவில் ஒருவன் குற்றம் செய்துவிட்டு ஓடினால், அவனைக் கொண்டுவந்து நிறுத்தாத மற்றவர்கள் அபராதம் கட்டவேண்டும். எல்லோரும் குழுவில் இருக்கிறார்களா என்று சரிபார்க்க, அரசரின் அதிகாரியான ஷெரிஃப் ஆண்டுக்கு இருமுறை ஹண்ட்ரட்களுக்கு வருவார்.

1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற பிறகு இந்தப் பிணை இன்னும் இறுகியது. வெட்டுண்ட பிணம் ஒன்று வயலில் கிடந்து, கொலையாளியும் பிடிபடவில்லை என்று வைத்துக்கொள்வோம். இறந்தவர் ஆங்கிலேயர்தான் என்று உறவினர்கள் நிரூபித்தால் ஹண்ட்ரட் தப்பித்தது. நிரூபிக்காவிட்டால் அவர் நார்மன் என்றே கருதப்பட்டு, ஹண்ட்ரட் முழுவதன் மீதும் அபராதம் விழும். வென்றவர்களின் உயிரைக் காக்கப் பிறந்த இந்த விதி, இரு இனங்களும் கலந்துபோன பின்னும் அரசுக்கு வருமானம் தந்ததால் 1340 வரை நீடித்தது.

வருமானத்தின் ஈர்ப்பு அரசரோடு நிற்கவில்லை. 1274–75இல் முதலாம் எட்வர்டு நடத்திய விசாரணையில், பாதிக்கும் மேற்பட்ட ஹண்ட்ரட்கள் மடாலயங்கள், பிரபுக்கள் போன்ற தனியார் கையில் இருந்தது தெரியவந்தது. அவர்களிடம் உரிமைக்கு ஆதாரம் கேட்டு அவர் வழக்காடினார். ஆனால் கூட்டுப் பொறுப்பை அவரும் தளர்த்தவில்லை. கொள்ளையரை உரிய காலத்துக்குள் பிடிக்காத ஹண்ட்ரட், பறிகொடுத்தவருக்கு இழப்பீடு தரவேண்டும் என்று 1285இல் சட்டம் செய்தார். கலகத்தில் சேதமான சொத்துக்கு ஹண்ட்ரட்டிடமே இழப்பீடு பெறும் வழக்கம் 1886 வரை சட்டத்தில் இருந்தது.