கருந்துளையை விடுங்கள், மழையைப் பாருங்கள்

போன வாரமும் ஒரு கல்லூரிக் கருத்தரங்கு. தலைப்பு ‘வளிமண்டல ஈர்ப்பு அலைகள்’. முதல் ஸ்லைடிலேயே இரண்டு கருந்துளைகள் சுற்றிக்கொண்டிருந்தன. இந்த வருஷத்தில் இது நான்காவது. இனி வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

2015 செப்டம்பரில் அமெரிக்காவின் லைகோ ஆய்வகம் பிடித்த ‘ஈர்ப்பு அலை’, இரண்டு கருந்துளைகள் மோதியதில் எழுந்த காலவெளியின் அதிர்வு. வளிமண்டலத்தைப் படிக்கும் எங்கள் அலைக்கும் அதற்கும் பெயர்தான் ஒன்று. வேறு ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஐன்ஸ்டீனைக் கூப்பிடவே வேண்டாம். குளத்தில் கல் விழுந்தால் நீர் எழும்புகிறது, கனத்தால் இறங்குகிறது, இறங்கிய வேகத்தில் மட்டத்துக்கும் கீழே போய் மறுபடி எழும்புகிறது. அதேதான், தண்ணீருக்குப் பதில் காற்று. ஈர்ப்பு இங்கே கீழே இழுக்கும் வேலையை மட்டும் செய்கிறது. அலைவது காற்று, காற்று, காற்று! ‘மிதப்பலை’ என்று எழுதினால் பாதித் தொல்லை தீரும் என்று பத்து வருஷமாகச் சொல்கிறேன். யார் கேட்கிறார்கள்?

கல் எது? வெப்பமண்டல மழை. இந்தோனேசியத் தீவுகளில் பிற்பகலில் கிளம்பும் இடிமேகம் 15 கிலோமீட்டரையும் தாண்டி, வளிமண்டலத்தின் அடுத்த அடுக்கான அடுக்கு மண்டலத்தின் (ஸ்ட்ராட்டோஸ்பியர்) அடியில் போய் முட்டும். மழை கொட்டி, நின்று, மறுபடி கொட்டினால்தான் அலை வலுக்கும். ஆகவே மாதச் சராசரியை மட்டும் பார்த்துவிட்டு ‘கம்ப்யூட்டர் வானிலை மாடலில் மழை சரியா வருது சார்’ என்று வராதீர்கள். ஓயாத தூறலிலும் அதே சராசரி வரும்.

இந்த அலைகள் மேலே போய் உடைந்து, நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கே நகரும் கெல்வின் அலைகள் போன்ற பெரிய அலைகளோடு சேர்ந்து, நிலநடுக்கோட்டு வானில் கிழக்கிலிருந்து வீசும் காற்றை மேற்கிலிருந்து வீசும் காற்றாகவும், மேற்கிலிருந்து வீசுவதைக் கிழக்கிலிருந்து வீசுவதாகவும் திருப்புகின்றன. ஒரு சுற்றுக்குச் சுமார் 28 மாதம். சிங்கப்பூர் வானிலை பலூன் பதிவுகளில், உயரே திசை மாறிய காற்று மாதம் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் வீதம் இறங்கி வருவது தெரியும். 2016 தொடக்கத்தில் அந்த ஒழுங்கே குலைந்தது. அதே வருஷம் பிப்ரவரியில்தான் லைகோ அறிவிப்பு; எங்களை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

விமானப் பயணிகளுக்கு ஒன்று: இடிமேகம் தள்ளித்தானே இருக்கிறது என்று பெல்ட்டைக் கழற்றாதீர்கள். தெளிந்த வானிலும் இந்த அலை உடையும், விமானம் குலுங்கும்.

மாணவர்களே, தயவுசெய்து கேளுங்கள். பலூன் தரவில் 18 கிலோமீட்டருக்கு மேல் வெப்பநிலைக் கோடு சில கிலோமீட்டருக்கு ஒருமுறை நெளியும். கருவிக் கோளாறு என்று நினைத்து அதை நீவிவிடாதீர்கள். நீங்கள் தேடி வந்ததே அந்த நெளிவைத்தான்.