வாற்சுழலி

ஹெலிகொப்டரின் வால் நுனியில் நிலைக்குத்தாகச் சுழலும் ‘டெய்ல் ரோட்டர்’ என்னும் உறுப்பைக் கொழும்பில் நம்மவர் பேச்சில் ‘வால் விசிறி’ என்பதுண்டு. அதன் தமிழ்ச் சொல்லாக ‘வாற்சுழலி’ என்பதைக் கொள்ளலாம். தொழிலைச் சுட்ட வேண்டிய இடத்தில் ‘எதிர்முறுக்கச் சுழலி’ என்பது அதனினும் பொருந்தும்.

‘ரோட்டர்’ என்பது ‘ரொட்டேட்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். அதன் வேர், சக்கரத்தைக் குறிக்கும் ‘ரோட்டா’ என்னும் இலத்தீன் சொல். ‘ஹெலிகொப்டர்’ என்பதை 1861இல் பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் த பொந்தோன் தமேகூர், சுருளைக் குறிக்கும் ‘ஹெலிக்ஸ்’, சிறகைக் குறிக்கும் ‘ப்தெரொன்’ ஆகிய கிரேக்கச் சொற்களிலிருந்து ஆக்கினார். இலங்கைத் தமிழில் ஊன்றிவிட்ட ‘உலங்குவானூர்தி’யில் உள்ள உலங்கு என்பதற்கு அகராதிகள் பெருங்கொசு என்று பொருள் தருகின்றன, அந்த ஊர்தி தலைக்கு மேலே இரைந்து செல்வதைக் கேட்டவர்கள் இப்பொருத்தத்தை மறுக்கமாட்டார்கள்.

‘விசிறி’ என்ற சொல் இங்கே பொருந்தாது என்பதற்குக் காரணம், அது காற்று வீசுவதை மட்டுமே நினைவூட்டுவதாகும். எஞ்சின் பிரதான சுழலியை ஒரு திசையில் சுழற்றும்போது, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அதற்குச் சமமான முறுக்கம் ஊர்தியின் உடலை எதிர்த்திசையில் திருப்ப முயல்கிறது. இலங்கை விமானப்படையின் பெல் 212 ஊர்தியில் பிரதான சுழலி மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகவும், எம்ஐ-17 ஊர்தியில் வலஞ்சுழியாகவும் சுற்றுவதால், முன்னதன் மூக்கு வலப்பக்கமும் பின்னதன் மூக்கு இடப்பக்கமும் திரும்பப் பார்க்கும். வாற்சுழலி பக்கவாட்டில் உந்தி அதைத் தடுக்கிறது. விமானி காலால் மிதிக்கும் மிதிகள் அதன் தகடுகளின் சாய்வை மாற்றி அந்த உந்துதலைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன.

இந்த உந்துதல் அற்றுப்போனால், எஞ்சின் வலு இருக்கும்வரை உடல் சுற்றிக்கொண்டேயிருக்கும். சுழற்றும் தண்டு முறிவது, பற்சக்கரப் பெட்டி பழுதடைவது, தகடுகள் மரத்திலோ மின்கம்பியிலோ மோதுவது ஆகியன வழக்கமான காரணங்கள். வால் நுனியிலுள்ள பற்சக்கரப் பெட்டியே கழன்று விழுந்தால், பின்பாரம் குறைந்து மூக்கும் கவிழும். போதிய வேகத்துடன் முன்னோக்கிப் பறக்கும் ஊர்தியில் வாலின் நிலைக்குத்துச் செட்டை ஓரளவு திசையைப் பிடித்துவைப்பதால், விமானி தக்க இடம் தேடி, எஞ்சின் வலுவை நீக்கி முறுக்கத்தை ஒழித்து, கீழிருந்து மேலெழும் காற்றால் பிரதான சுழலி தானே சுழல இறங்கலாம். தாழ்வாக ஓரிடத்தில் மிதக்கும்போதோ அந்தச் செட்டையால் பயனில்லை. வலுவை நீக்கினால் ஊர்தி விழும், நீக்காவிட்டால் சுற்றும், இரண்டுக்கும் இடையில் முடிவெடுக்கச் சில விநாடிகளே உண்டு.

சுழலி நின்றால்தான் விபத்து என்பதில்லை. 2018 ஒக்டோபர் 27 அன்று இங்கிலாந்தின் லெஸ்டர் உதைபந்தாட்ட மைதானத்திலிருந்து மேலெழுந்த ஏடபிள்யூ169 ஊர்தியில், வாற்சுழலிக் கட்டுப்பாட்டின் தாங்கி (‘பெயாரிங்’) ஒன்று இறுகிப்போனதால் கட்டுப்பாட்டுத் தண்டு நெம்புகோலிலிருந்து கழன்றது. தகடுகள் சுழன்றுகொண்டேயிருக்க, அவற்றின் சாய்வு மட்டும் விமானியின் மிதிக்குக் கட்டுப்படாமல் எல்லைவரை சென்றது. ஊர்தி வலப்பக்கமாகச் சுற்றி விழுந்து, அதிலிருந்த ஐவரும் உயிரிழந்தனர். இத்தகைய நிகழ்வை ‘வாற்சுழலி செயலிழப்பு’ என்பதைவிட ‘வாற்சுழலிக் கட்டுப்பாட்டு இழப்பு’ என்று எழுதுவதே சரியாகும்.

இவற்றோடு சேர்த்துக் குழப்பப்படும் மூன்றாவது நிலை, ‘வாற்சுழலிப் பயன்வலு இழப்பு’. எந்த உறுப்பும் உடையாமலே, மெதுவாகப் பறக்கும் ஊர்தியின் மீது காற்று குறிப்பிட்ட திசைகளிலிருந்து மோதும்போது வாற்சுழலியின் உந்துதல் போதாமற்போய், எதிர்பாராத சுழற்சி ஏற்படுவதை இது குறிக்கும். இங்கே இயந்திரப் பழுது இல்லையாதலால், செய்தி எழுதுவோர் இதற்குப் ‘பழுது’ என்ற சொல்லைப் பயன்படுத்தலாகாது.