பார்க்கூர்: சொல்லுக்குள் தாவல் இல்லை

சுவர், படிக்கட்டு, கைப்பிடி என்று வழியில் வரும் தடைகளைத் தாவியும் தாண்டியும் ஓடிக் கடக்கிற பிரெஞ்சு விளையாட்டு ஒன்று உண்டு, பெயர் பார்க்கூர். கைபேசியில் அதை ‘பார்கூர்’ என்று தட்டினால் என்னுடையது ‘பர்கூர்’ என்று திருத்திவிடுகிறது. அதன் மேல் தப்பில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் பர்கூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஈரோடு மாவட்டத்தில் பர்கூர் மலை இருக்கிறது, செவலையில் வெள்ளைத் திட்டு போட்ட பர்கூர் மாடும் இருக்கிறது. சுவருக்குச் சுவர் தாவுகிற பையன்களுக்கும் இவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஆனால் அந்தத் திருத்தம் ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது. தமிழில் ‘ர்’ அடுத்து ஒற்றைக் ‘கூ’ வந்தால் நாக்கு அதை மெலிதாகத்தான் சொல்லும். பிரெஞ்சில் அந்த இடத்தில் அழுத்தமான ‘க்’. ஆகவே ‘பார்க்கூர்’ என்று ஒற்று போட்டு எழுதுவதே சரி. ‘பார்க்கர்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது பேனா.

பிரெஞ்சு மொழியில் இது ரொம்பச் சாதாரணமான சொல். போகும் வழி, கடந்து வந்த பாதை என்று பொருள். பேருந்து போகிற தடமும் பார்க்கூர்தான், ஒருவர் எங்கே படித்து எப்படி வேலைக்குப் போனார் என்ற கதையும் பார்க்கூர்தான். லத்தீனில் வேரைத் தேடினால் இரண்டு துண்டு கிடைக்கும்: ‘பெர்’ என்றால் ஊடாக, ‘குர்ரெரெ’ என்றால் ஓடுவது. ஊடாக ஓடிக் கடப்பது. கம்ப்யூட்டர் கோர்ஸ், டைப்ரைட்டிங் கோர்ஸ் என்று போய்ச் சேர்ந்தோமே, அந்தக் ‘கோர்ஸ்’ கூட இதே வேரில் முளைத்ததுதான்.

தாவல், குதிப்பு, உயரம், சாகசம் எதுவும் இந்தச் சொல்லுக்குள் இல்லை. வழி இருக்கிறது, ஓட்டம் இருக்கிறது. தமிழில் பெயர் வைக்க முயல்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

விளையாட்டுக்கு இந்தப் பெயர் ராணுவம் வழியாக வந்தது. ஜார்ஜ் எபேர் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, 1902-ல் மார்த்தினிக் தீவில் பெலே எரிமலை வெடித்தபோது மீட்பு வேலையில் இருந்தவர். பிற்பாடு ‘இயற்கை முறை’ என்று ஓர் உடற்பயிற்சியை வகுத்தார். நடை, ஓட்டம், தாண்டல், நாலுகாலில் போவது, ஏறுவது, சமநிலை, எறிவது, தூக்குவது, தற்காப்பு, நீச்சல் என்று பத்து வகை. ‘பிறருக்குப் பயன்பட வேண்டும், அதற்காகப் பலமாக இரு’ என்பது அவருடைய கொள்கை. அந்த மரபின் தொடர்ச்சியாகப் பிரெஞ்சுப் படையில் மதில், பள்ளம், கம்பம் என்று அடுக்கிவைத்த தடைப்பாதைக்கு ‘பார்க்கூர் து கோம்பத்தான்’ என்று பெயர். போர்வீரனின் பாதை.

அப்படி ஒரு பாதையில் பழகியவர் ரேமோன் பெல். 1939-ல் வியட்நாமில் பிறந்தவர். போரில் குடும்பத்தைப் பிரிந்து, தலாத் நகரில் ராணுவம் நடத்திய அனாதைப் பிள்ளைகள் பள்ளியில் வளர்ந்தார். மற்ற பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுந்து போய் அந்தத் தடைப்பாதையில் ஓடிப் பழகுவாராம். அப்புறம் பிரான்சுக்குப் போனார், பாரீஸ் தீயணைப்புப் படையில் சேர்ந்தார். அவருடைய மகன் தாவீத் பெல் தன் அப்பா வாயிலிருந்து கேட்ட சொல்தான் பார்க்கூர். பாரீஸுக்குத் தெற்கே லீஸ் என்ற சிற்றூர்ப் பக்கம், ‘தாம் து லாக்’ என்ற பெரிய கான்கிரீட் சிற்பத்திலும் சுற்றியிருந்த படிக்கட்டு, கைப்பிடிச் சுவர்களிலும் அவரும் கூட்டாளிகளும் பழகினார்கள். ஏறுவதற்கென்றே செய்த சிற்பம் அது. இன்றைக்கும் இந்த விளையாட்டுக்காரர்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போவது மாதிரி அங்கே போகிறார்கள்.

1998-ல் நடிகர் ஊபேர் கூந்தே ஒரு யோசனை சொன்னார். எழுத்துக்கூட்டலில் ‘சி’யை எடுத்துவிட்டு ‘கே’ போடலாம், கடைசியில் ஒலிக்காமல் கிடக்கும் ‘எஸ்’ஸை வெட்டிவிடலாம் என்று. உச்சரிப்பு மாறவில்லை, பார்வைக்கு மட்டும் ஒரு முறுக்கு ஏறியது. தமிழில் எழுதினால் அந்த முறுக்கும் போய்விடும். பொதுச்சொல்லையும் விளையாட்டின் பெயரையும் பிரித்துக் காட்ட அவர்கள் செய்த வேலை, நம் எழுத்தில் தடயமே இல்லாமல் கரைந்துவிடுகிறது.

அந்தக் கூட்டாளிகள் எல்லோரும் இந்தப் பெயரை ஏற்கவில்லை. ஒன்பது பேர் 1997-ல் ‘யமகாசி’ என்று குழு அமைத்தார்கள். ஜப்பானியச் சொல் போல ஒலித்தாலும் அது ஆப்பிரிக்காவின் லிங்காலா மொழி. வலிமையானவர் என்று பொருள். செய்கிற வேலைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஆர் த்யு தெப்லாஸ்மான்’. இதை ‘இடப்பெயர்வுக் கலை’ என்று மொழிபெயர்க்கலாம்தான், அகராதி ஒப்புக்கொள்ளும். ஆனால் இடப்பெயர்வு என்றதும் ஈழத்தமிழர் மனதில் வருவது மூட்டை முடிச்சோடு நடந்த சாலை. அந்தச் சொல்லை விளையாட்டுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ‘நகர்வுக் கலை’ போதும்.

இனி நம் பக்கம். ‘தடையோட்டம்’ என்று எழுதலாமே என்றால், அது ஏற்கெனவே தடகளத்தில் இருக்கிறது. 110 மீட்டரில் ஒரே உயரத்தில் பத்துத் தடை, அளந்து வைத்த இடைவெளி. பார்க்கூரில் எதையும் யாரும் அளந்து வைப்பதில்லை. ‘சாகச ஓட்டம்’ என்று எழுதினால் சர்க்கஸ் வாசனை வந்துவிடுகிறது. பாதி உயரத் திட்டில் ஒரே அசைவை நூறு தடவை செய்து பார்ப்பவர்களுக்கு அது அவமானம். ‘தாவல்’ நல்ல சொல், ஆனால் அதைக் கட்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மீதியை இணைய உலாவிகள் எடுத்துக்கொண்டன. ‘கடத்தல்’ பற்றிக் கேட்கவே வேண்டாம், போலீஸ் வந்துவிடும்.

என் பரிந்துரை ‘கடவோட்டம்’. கடவு என்றால் வழி, கடந்து போகும் இடம். கடவுச்சீட்டு, கடவுச்சொல் இரண்டிலும் அது உயிரோடு இருக்கிறது. இலங்கையில் ரயில் பாதை குறுக்கிடும் இடம் கடவை, சாலையைக் கடக்கும் வரிக்கோடுகள் பாதசாரிக் கடவை. கடவு + ஓட்டம் என்று சேர்த்தால் லத்தீன்காரன் சேர்த்த அதே இரண்டு துண்டும் அப்படியே வந்து உட்காருகின்றன. பேச்சில் பார்க்கூர் என்றே சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. எழுதும்போது ஒரு தடவையாவது கடவோட்டம் என்று எழுதிப் பாருங்கள்.

இதைச் செய்பவரைப் பிரெஞ்சில் ‘த்ராஸ்யர்’ என்பார்கள். கோடு போடுபவர் என்பது நேர்ப்பொருள், பேச்சுவழக்கில் விரைந்து போவதையும் அந்த வினை குறிக்கும். ‘நூல் பிடித்தாற்போல் போகிறான்’ என்று நாம் சொல்வதற்குக் கிட்டத்தட்டச் சமம். தடம் என்ற சொல்லை வைத்து ‘தடவர்’ என்று ஆக்கலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். தடவுகிறவர் ஆகிவிடும். கடவோட்டக்காரர் என்றே இருக்கட்டும்.

பார்க்கூரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஃப்ரீரன்னிங்கின் கதை வேறு. அது இங்கிலாந்தில் பிறந்த பெயர். 2003-ல் ‘ஜம்ப் லண்டன்’ என்ற தொலைக்காட்சி ஆவணப்படத்துக்காக, பார்க்கூர் என்றால் ஆங்கிலேயருக்குப் புரியாதே என்று கீயோம் பெல்த்தியே என்பவர் சொன்ன மாற்றுப்பெயர். படத்தில் தாவியவர்களில் ஒருவர் லீஸ்காரரான செபாஸ்தியன் ஃபூக்கான். ஆக, தொடக்கத்தில் இரண்டும் ஒரே பொருளுக்கு இரண்டு மொழிப் பெயர். வழிவிலகல் அப்புறம் வந்தது. தேவைக்கு மேல் ஓர் அசைவும் கூடாது என்பது பார்க்கூர். பல்டி, சுழற்சி என்று தன் இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டே போவது ஃப்ரீரன்னிங். இயந்திர மொழிபெயர்ப்பை நம்பினால் ‘இலவச ஓட்டம்’ என்று வரக்கூடும். கட்டற்ற மென்பொருள் என்று பழகியிருப்பதால் ‘கட்டற்ற ஓட்டம்’ எனலாம். எனக்கு ‘கரணவோட்டம்’ பிடித்திருக்கிறது. கரணம் தப்பினால் மரணம் என்ற எச்சரிக்கையும் கூடவே வருமே.

மொத்தத்துக்குப் பெயர் தேடி அலைகிற நம்மிடம், உள்ளே இருக்கும் ஒவ்வொரு அசைவுக்கும் சொல் தயாராக இருக்கிறது. தடையின் மேலாகப் போனால் தாண்டுவது. ஓரிடம் விட்டு இன்னோரிடத்தைப் பிடித்தால் தாவுவது, குரங்கு மரம் விட்டு மரம் போவது போல. மேலிருந்து இறங்கினால் குதிப்பது. உடம்பை முன்னால் எறிந்தால் பாய்வது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரே ‘ஜம்ப்’பை வைத்து ஒப்பேற்றும் இடத்தில் நமக்கு நாலு வினை.

இதை விட்டுவிட்டு ஆங்கிலப் பெயர்களை மொழிபெயர்த்தால் பூனையில் மாட்டிக்கொள்வோம். இரண்டு கையையும் ஊன்றி, முழங்கால்களைக் கைகளுக்கு நடுவே இழுத்துத் தாண்டுவதைப் பிரெஞ்சில் ‘பூனைத் தாவல்’ என்பார்கள். ஆங்கிலத்தில் அதற்குக் ‘காங்’, கொரில்லாப் பெயர். ஆங்கிலத்தில் பூனைத் தாவல் என்பது எதிர்ச் சுவரின் விளிம்பைக் கையால் பிடித்துத் தொங்கும்படி தாவுவது. அதற்குப் பிரெஞ்சில் ‘கைத் தாவல்’. ஒரே பூனை, இரண்டு மொழியில் இரண்டு வேலை. நாம் முதலாவதைப் பச்சைக்குதிரை என்று சொல்லிவிடலாம், குனிந்து நின்றவன் முதுகில் கை வைத்துத் தாண்டினோமே, அதுதான். அதில் கால் அகன்று போகும், இதில் ஒடுங்கிப் போகும், அவ்வளவே வித்தியாசம். இரண்டாவதற்குத் ‘தொற்றல்’. பஸ் நகர்ந்த பிறகு ஓடிப்போய்ப் படிக்கட்டுக் கம்பியில் தொற்றிய எவருக்கும் விளக்கம் தேவைப்படாது. கொரோனாவுக்குப் பிறகு ‘தொற்றுத் தாவல்’ என்று மட்டும் எழுதாதீர்கள்.

குட்டிக்கரணம் மட்டும் அப்படியே பொருந்தாது. உயரத்திலிருந்து குதித்த வேகத்தைத் தரையில் உருட்டிவிடுவதற்காக இங்கே ஓர் உருளல் உண்டு. வலது தோளில் தொடங்கிக் குறுக்காக இடது இடுப்பில் முடியும், தலை தரையைத் தொடாது, முதுகெலும்பும் நேராகத் தரையில் படாது. நாம் சின்ன வயதில் அடித்த குட்டிக்கரணம் உச்சந்தலையில் தொடங்கி முதுகெலும்பின் மேலேயே போகும். வைக்கோல் போரில் பரவாயில்லை. இரண்டும் ஒன்றுதானே என்று போன மாதம் மொட்டைமாடியில் அடித்துப் பார்த்தேன். தளத்தின் சொரசொரப்பில் முதுகெலும்பின் முடிச்சுகளை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. ஆகவே இதற்குத் ‘தோளுருளல்’ என்று தனியாகவே ஒரு சொல் வைத்திருக்கிறேன்.