எமரி பேப்பரை எடுக்கும் முன் ஒரு போட்டோ எடுங்கள்

சென்ற மாதம் பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "சார், தாத்தாவோட மோரிஸ் மைனர் காரை டிங்கரிங் விட்டிருக்கேன். ஆர்.சி-ல இருக்கற சேசிஸ் நம்பரும் வண்டியில இருக்கறதும் ஒத்துப்போகலையாம். டூப்ளிகேட் வண்டி, பாதி விலைக்குக் குடுத்துடுங்கன்னு புரோக்கர் சொல்றார்."

நான் முதலில் கேட்டது ஒன்றுதான். சேசிஸ் எண் பொறித்த தகடு எங்கே?

"கழட்டி ஒரு டப்பாவுல போட்டிருக்காங்க. நாளைக்கு எமரி போட்டு பளபளன்னு ஆக்கித் தர்றதா பெயிண்டர் சொன்னார்."

அதை யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அன்று மாலையே கிளம்பிப் போனேன்.

பழைய கார்களை வாங்கும் முன்பு பார்த்துச் சொல்வது என் தொழில். திருட்டு வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு காரின் அடையாளத்தை அதிகமாக அழிப்பது திருடர்கள் இல்லை. ஆசை ஆசையாக வண்டியைப் புதுப்பிக்கும் வீட்டுக்காரர்களும், அவர்களுக்கு வேலை செய்து தரும் டிங்கரும் பெயிண்டரும்தான். தகடு துருப்பிடித்திருக்கிறது என்று தேய்ப்பார்கள், பட்டி போட்டு மூடுவார்கள், ரிவெட்டை உடைத்துக் குப்பையில் போடுவார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. ஆனால் போனது போனதுதான்.

அந்தத் தகட்டை சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகக் கழுவினேன். டார்ச்சை நேராகக் காட்டாமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழும். எழுத்து எழும்பி வரும். பிறகு மெல்லிய காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்த்தேன். ஆர்.டி.ஓ ஆபீசில் கேட்பார்களே, அதே பென்சில் பிரிண்ட்தான். காகிதத்தில் எஃப், பி, இ என்று மூன்று எழுத்து, பிறகு 21, அதற்குப் பிறகு வரிசை எண். ஆர்.சி-யில் எஃப், 8, இ. அவ்வளவுதான் வித்தியாசம். யாரோ ஒரு குமாஸ்தா பி என்ற எழுத்தை எட்டாகப் படித்துவிட்டார்!

அது எட்டாக இருக்கவே முடியாது என்று எப்படித் தெரியும்? மோரிஸ், எம்.ஜி போன்ற கார்களைச் செய்த நஃபீல்ட் நிறுவனம் 1952 முதல் சில ஆண்டுகள் சேசிஸ் எண்ணுக்கு முன்னால் ஐந்து குறிகள் போட்டது. முதல் எழுத்து எந்த மாடல் என்று சொல்லும். எஃப் என்றால் மைனர். இரண்டாவது பாடி, பி என்றால் இரண்டு கதவு சலூன், அதாவது மூடிய கூரையுள்ள கார். மூன்றாவது நிறம், இ என்றால் பச்சை. நான்காவது, எந்தச் சந்தைக்குப் போகும் வண்டி என்பது; 2 என்றால் வலதுபக்க ஸ்டியரிங், ஏற்றுமதி. ஐந்தாவது எந்த வகை பெயிண்ட் என்பது. இரண்டாம் இடத்தில் எண் வர அந்த முறையில் வழியே இல்லை.

ஆனால் வண்டி சிவப்பாக நின்றுகொண்டிருந்தது. சரி, சிவப்பு எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும். இதற்கு வெளிப்புற பெயிண்டைச் சுரண்டக் கூடாது. கதவின் உள் அட்டையைக் கழற்றினால் அதன் பின்புறம், டேஷ்போர்டின் அடிப்பக்கம் என்று பெயிண்டர்கள் எட்டாத இடங்கள் உண்டு. கதவு அட்டையை எடுத்ததும் உள்ளங்கை அகலத்துக்குக் கரும்பச்சை தெரிந்தது. அறுபது எழுபது வருடத் தூசிக்கு அடியில், புதிதாகத் துடைத்த வெற்றிலை போல.

அதற்கப்புறம் காகித வேலை. கையில் இருக்கும் ஸ்மார்ட் கார்டை மட்டும் நம்பாதீர்கள். பழைய ஆர்.சி புத்தகத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றும்போது நுழைந்த பிழைகள் ஏராளம். சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் இடம் மாற்றி ஏற்றியதையே பலமுறை பார்த்திருக்கிறேன். வண்டி பதிவான ஆர்.டி.ஓ-வில் பி எக்ஸ்ட்ராக்ட், அதாவது அவர்கள் பதிவேட்டின் நகல், கேட்டு வாங்குங்கள். பெயர் மாறிய தேதிகள், முந்தைய உரிமையாளர்கள், எண்கள் எல்லாம் அதில் வரும். வண்டியின் பதிவு எண்ணும் ஒரு கதை சொல்லும். எம்.எஸ், எம்.டி என்று தொடங்கினால் முதல் பதிவு சென்னைப் பக்கம், எம்.ஒய் என்றால் பழைய மைசூர் மாநிலம். இன்றைய கே.ஏ., டி.என். வரிசை 1989 ஜூலைக்குப் பிறகு வந்தது. சென்னையில் பதிவாகி பெங்களூருக்கு வந்த வண்டி என்றால் அதற்கு ஆட்சேபணை இல்லை என்று கொடுத்த என்.ஓ.சி காகிதத்தையும் தேடுங்கள். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் எல்.ஐ.சி ரசீதுகளோடு கிடக்கும்.

தொழிற்சாலை ஏடுகளுக்கு வருவோம். மோரிஸ், ஆஸ்டின், டிரையம்ப் போன்ற பிரிட்டிஷ் கார்களின் உற்பத்திப் பதிவேடுகளில் பெரும்பகுதி இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் இருக்கிறது. சேசிஸ் எண்ணைக் கொடுத்து கட்டணம் கட்டினால், ஏட்டைப் பார்த்துச் சான்றிதழ் அனுப்புவார்கள். எந்த நாளில் கட்டப்பட்டது, முதல் இன்ஜின் எண் என்ன, எந்த நாட்டுக்கு அனுப்பினார்கள் என்றெல்லாம் ஏட்டில் இருப்பது அதில் வரும். ஜாகுவாருக்குத் தனி அறக்கட்டளை உண்டு. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு வொல்ஃப்ஸ்பர்க்கில் உள்ள ஆட்டோ மியூசியம் பிறப்புச் சான்றிதழே தருகிறது. ரோல்ஸ் ராய்ஸின் பழைய சேசிஸ் அட்டைகள் பிரிட்டனில் அந்தக் கார் ஆர்வலர் சங்கத்தின் பொறுப்பில் இருக்கின்றன.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தச் சான்றிதழ் ஒரு எண்ணைப் பற்றிப் பேசுகிறது. உங்கள் எதிரில் நிற்கும் இரும்பைப் பற்றி அல்ல. ஒரு எண்ணுக்குச் சான்றிதழ் வாங்கிவிட்டு, அதற்கேற்பத் தகடு அடித்துப் பொருத்திய வண்டியை என்னிடமே கொண்டு வந்திருக்கிறார்கள். ஆகவே முதலில் இரும்பு, பிறகு ஆர்.டி.ஓ, கடைசியில் சான்றிதழ். இந்த வரிசையை நான் மாற்றுவதே இல்லை.

இரும்பு பொய் சொல்வது கடினம். பழைய ஷெவர்லே இன்ஜின் பிளாக்கில் வார்ப்புத் தேதி இருக்கும்; ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி என்று மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், வருடத்தின் கடைசி இலக்கம். கார் பிறந்த பிறகு வார்த்த இன்ஜின் அதன் முதல் இன்ஜினாக இருக்க முடியாது அல்லவா? சேசிஸில் அடித்த எண்ணை கிரைண்டரில் தேய்த்து வேறு எண் அடித்தாலும், முதல் அடியின் அழுத்தம் அடியில் உள்ள உலோகத்தில் தங்கியிருக்கும். தடயவியல் ஆய்வகத்தில் அமிலம் தடவி அதை மீட்டெடுக்கிறார்கள். நமக்கு அதுவரை போகத் தேவையில்லை. எண்ணைச் சுற்றியுள்ள பரப்பு அக்கம்பக்கத்தைவிடப் பள்ளமாகவோ வழவழப்பாகவோ இருந்தால், எழுத்துகள் ஒரே வரியில் நிற்காமல் ஏறி இறங்கினால், விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.

நம் ஊர் கார்களுக்கு வெளிநாட்டு ஏடு உதவாது. அங்கே நான் நம்புவது பி எக்ஸ்ட்ராக்ட், முதல் பில், பழைய இன்சூரன்ஸ் பாலிசி. கொஞ்சம் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். 1968 மாடல் ஒரிஜினல் பத்மினி என்று ஒருவர் விளம்பரம் கொடுத்திருந்தார். அந்த ஆண்டில் பத்மினி என்ற பெயரே கிடையாது. பிரீமியர் நிறுவனம் மும்பை குர்லாவில் 1964 முதல் செய்தது ஃபியட் 1100 டிலைட். பத்மினி என்ற பெயர் 1974 வாக்கில்தான் வந்தது. வண்டி 1968 என்பது உண்மையென்றால் முன்பக்கமும் பெயர்ப் பட்டையும் பிற்காலத்தில் மாற்றியவை. பெயர்ப் பட்டை உண்மையென்றால் வருடம் தவறு.

இதெல்லாம் ஏன் இப்போது அவசரம்? 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய கார்களையும் இருசக்கர வண்டிகளையும் விண்டேஜ் வாகனமாக வி.ஏ. வரிசையில் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து ஆண்டு செல்லும். ஆனால் சேசிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. எண்ணைத் தேய்த்துவிட்ட வண்டியோடு அந்த வரிசையில் போய் நிற்பது எவ்வளவு சிரமம் என்பதை அனுபவப்பட்டவர்கள் சொல்வார்கள்.

அல்சூர் தம்பியின் பி எக்ஸ்ட்ராக்டில், கையால் எழுதிய பழைய பதிவில், பி தெளிவாகவே இருந்தது. பென்சில் பிரிண்டையும் அதையும் சேர்த்துத் திருத்தத்துக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். தம்பி தன் அம்மாவைக் கைப்பிடித்து அழைத்து வந்து, கதவுக்குள் தெரிந்த பச்சையைக் காட்டினார். அந்த அம்மா விரலால் தடவிப் பார்த்தார்.

"நான் பச்சைன்னு சொன்னப்போ ஒருத்தரும் நம்பலை. அப்பா எங்களை லால்பாக் கூட்டிட்டுப் போனது இதுலதான்."