சொல் விளக்கம்: கிராங்க்கேஸ் வென்டிலேஷன் – காற்றோட்டமா, ஆவிபோக்கியா?

டீசல் பிக்கப் வண்டி ஓட்டுபவர்களிடையே அடிக்கடி பேசப்படும் ஒரு வேலை ‘கிராங்க்கேஸ் வென்டிலேஷன் ரீரூட்’. இதை ‘வணரிப்பெட்டிக் காற்றோட்ட வழிமாற்றம்’ என்று தமிழில் எழுதினால் அகராதிப்படி பிழையில்லை. ஆனால் அப்படிப் படிப்பவர், எஞ்சினைக் குளிர்விக்க வெளிக்காற்று உள்ளே புகுந்து வெளியேறுவதாகத்தான் நினைத்துக்கொள்வார். டீசல் எஞ்சினில் நடப்பது அதுவல்ல. அதனால் அந்தக் ‘காற்றோட்டம்’ எனக்கு உறுத்துகிறது.

முதலில் கிராங்க். பழைய ஆங்கிலத்தில் இதன் வேர் வளைதல், சுருளுதல் என்ற பொருளுடையது. தமிழிலும் வளைவிலிருந்தே இதற்குப் பெயர் பிறந்திருக்கிறது. ‘வணர்’ என்றால் வளைவு; யாழின் வளைந்த தண்டைச் சங்கப் பாடல் ‘வணர்கோடு’ என்கிறது. அந்த வேரில் பிறந்ததே ‘வணரி’. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும், முழங்கை முழங்கையாக மடிந்த அந்தத் தண்டைப் பார்த்தவர் யாரும் இந்தப் பெயரை மறுக்க மாட்டார். ‘கேஸ்’ என்பது பெட்டியைக் குறிக்கும் ‘கேப்சா’ என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது. ஆக, அந்தத் தண்டு சுழலும் பெட்டி வணரிப்பெட்டி. இதில் சிக்கல் இல்லை.

வென்டிலேஷனில்தான் சிக்கல். லத்தீனில் ‘வென்டுஸ்’ காற்று. ‘வென்டிலாரே’ என்றால் விசிறுதல், தானியத்தைக் காற்றில் தூற்றுதல். களத்தில் தூற்றும்போது காற்று ஒரு பக்கம் நுழைந்து, பதரை அள்ளிக்கொண்டு மறுபக்கம் போகும். பெட்ரோல் எஞ்சினுக்கு இந்தப் படம் அழகாகப் பொருந்துகிறது. அதில் திராட்டில் வால்வு காற்றை மட்டுப்படுத்துவதால் உள்ளிழுக்கும் குழாயில் வெற்றிடம் உண்டாகிறது. அந்த வெற்றிடம் வணரிப்பெட்டிக்குள் இருக்கும் கழிவு வளியை உறிஞ்ச, காற்று வடிகட்டியின் பக்கமிருந்து தூய காற்று உள்ளே வருகிறது. இதுதான் ‘பாசிட்டிவ் கிராங்க்கேஸ் வென்டிலேஷன்’, சுருக்கமாகப் பிசிவி. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1961 மாதிரிக் கார்களிலிருந்து இது புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் ஒரு குழாய் வழியாக எல்லாம் சாலையிலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

டீசலில் பொதுவாக அத்தகைய திராட்டில் கட்டுப்பாடு இல்லை; உறிஞ்சுவதற்கு வலுவான வெற்றிடமும் இல்லை. பெரும்பாலும் தூய காற்றுக்கென்று ஒரு வாயிலும் இல்லை. எரியறையின் கடும் அழுத்தத்தில் பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியே சிறிதளவு வளி வணரிப்பெட்டிக்குள் நழுவுகிறது. ‘புளோ-பை’ எனப்படும் இதைக் ‘கசிவளி’ என்று சொல்லலாம். கரித்துகள், நீராவி, எண்ணெய்த் துளி மூன்றும் அதில் கலந்திருக்கும். புதிய எஞ்சினிலும் கசிவளி உண்டு. வளையம் தேயத் தேய அது கூடும். அது வெளியேறியே ஆக வேண்டும். வழியில்லாவிட்டால் அழுத்தம் ஏறி எண்ணெய் அடைப்பு வளையங்களைப் பிதுக்கும், எண்ணெய் மட்டம் பார்க்கும் அளவுகோலைக்கூட அதன் குழாயிலிருந்து தள்ளிவிடும். ஆக, இங்கே இருப்பது ஒருவழிப் போக்கு. ஓட்டம் என்ற சொல் அதற்குப் பொருந்தவில்லை.

பட்டறைகளில் வழங்கும் ‘பிரீதர்’ என்ற பெயர் இதைவிடத் துல்லியமானது. பழைய ஆங்கிலத்தில் ‘பிரெத்’ முதலில் மூச்சைக் குறிக்கவில்லை. மணத்தையும் கிளம்பும் ஆவியையும் குறித்தது. தமிழ் ‘ஆவி’ மூச்சு, உயிர், நீராவி அனைத்தையும் தனக்குள் வைத்திருக்கிறது. வெளியேற்றும் வழிக்குப் புகைபோக்கி, நீர்ப்போக்கி என்ற அமைப்பும் நம்மிடம் தயாராக இருக்கிறது. எனவே டீசல் எஞ்சினுக்கு ‘வணரிப்பெட்டி ஆவிபோக்கி’ என்றே எழுதலாம் என்பது என் முடிவு. ‘ஆவி போதல்’ இறப்பைக் குறிக்குமே என்று சிலர் தயங்கலாம். ஒரே சொல்லாகச் சேர்த்து, எஞ்சினைப் பற்றிய பேச்சில் எழுதும்போது அந்தக் குழப்பம் வராது.

இனி ரீரூட். தொழிற்சாலை அமைப்பில் ஆவிபோக்கிக் குழாய் வால்வு மூடியிலிருந்து கிளம்பி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் டர்போவின் உள்ளிழுக்கும் வாய்க்குள் சேரும். கசிவளியோடு வரும் எண்ணெய் டர்போவின் காற்றழுத்திச் சக்கரத்திலும், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலும் படியும். ரப்பர் இணைப்புகளை நாளடைவில் இளக்கும். இதைத் தவிர்க்க, குழாயை டர்போவிலிருந்து கழற்றி, அந்த வாயை மூடி, குழாயின் முனையை வண்டிச் சட்டத்தின் ஓரமாகக் கீழே இறக்கிவிடுகிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் டியூராமேக்ஸ் டீசல் எஞ்சின் வண்டிக்காரர்கள் இதையே ‘பிசிவி ரீரூட்’ என்பார்கள். டீசலுக்குப் பெட்ரோல் எஞ்சினின் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

தமிழில் இதை ‘ஆவிபோக்கி வழிமாற்றம்’ எனலாம். ‘நீக்கம்’ என்றோ ‘அடைப்பு’ என்றோ ஒருபோதும் எழுதக் கூடாது என்று வலியுறுத்திச் சொல்கிறேன். அதைப் படித்து ஒருவர் டர்போவின் வாய்க்குப் பதில் வால்வு மூடியின் துளையை அடைத்துவிட்டால் எஞ்சினுக்கே கேடு. மூடப்படுவது டர்போவின் பக்கம் மட்டும். வணரிப்பெட்டியின் வழி திறந்தே இருக்கும்.

வழி மாறினாலும் கசிவளி குறைவதில்லை. வண்டி நிற்கும்போது எண்ணெய் நெடி ஓட்டுநர் அறைக்குள் வரும், தரையில் சொட்டும். கடுங்குளிரில் குழாயின் முனையில் நீராவி உறைந்து அடைத்துக்கொள்ளவும் கூடும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. அமெரிக்காவில் வணரிப்பெட்டி ஆவியை வெளியே விடக் கனரக டர்போ டீசலுக்கு இருந்த விலக்கு 2007 மாதிரி ஆண்டோடு முடிந்தது. அந்த ஆவியும் மாசுக் கணக்கில் சேர்ந்தது. மாசுக்கட்டுப்பாட்டு அமைப்பைக் கலைப்பதை அந்நாட்டுத் தூய காற்றுச் சட்டம் தடுக்கிறது.

குழாயின் முனையை டர்போவிலேயே விட்டுவிட்டு, நடுவில் எண்ணெயை மட்டும் பிடித்துவைக்கும் கலனைப் பொருத்துவோரும் உண்டு. ‘கேட்ச் கேன்’ எனப்படும் அதற்கு ‘எண்ணெய்ப் பிடிகலன்’ போதும். அது நிறைவதற்குள் திறந்து வடித்துவிட வேண்டும்.