ஓடி முடிந்த சிமுலேஷனை எப்போது நம்பலாம்?

வேதியியல் ஆராய்ச்சிக்குப் புதிதாக வருபவர்களில் ஒரு பெரிய கூட்டம் குடுவையைத் தொடுவதே இல்லை. அவர்களுடைய ஆய்வகம் கணினிக்குள் இருக்கிறது. அங்கே என்னதான் செய்கிறார்கள்?

அடிப்படை எளிது. ஒவ்வொரு அணுவும் எங்கே இருக்கிறது, எந்த வேகத்தில் போகிறது என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். பக்கத்து அணுக்கள் அதை எவ்வளவு இழுக்கின்றன, எவ்வளவு தள்ளுகின்றன என்று கணக்கிட்டு, நியூட்டனின் விதிப்படி கணினி அதைக் கொஞ்சம் நகர்த்தும். பிறகு மறுபடி விசை, மறுபடி நகர்வு. 1964-இல் அனீசுர் ரஹ்மான் 864 ஆர்கான் அணுக்களை இப்படி நகர்த்தி, திரவ ஆர்கானின் உள்ளமைப்பைக் காட்டினார். ஹைதராபாத்தில் பிறந்தவர், அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். (ஆய்வகத்தின் பெயருக்கும் அந்த வாயுவுக்கும் சம்பந்தமில்லை.) அன்றைக்குப் பெரிய கணினி கேட்ட அந்தக் கணக்கு இன்று ஒரு மடிக்கணினிக்குச் சாதாரணம். புதியவர்கள் கைப்பழக அதையே திரும்பச் செய்து பார்ப்பதும் உண்டு.

‘கொஞ்சம்’ என்றால் எவ்வளவு? அங்கேதான் சிக்கல். நீரில் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு ஒருமுறை நீண்டு சுருங்க ஏறக்குறைய 10 ஃபெம்டோ விநாடி ஆகிறது. ஒரு ஃபெம்டோ விநாடி என்பது விநாடியில் ஆயிரம் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. அந்த அதிர்வைத் தவறவிடாமல் பிடிக்க, ஒவ்வொரு அடியும், அதாவது ஒரு நகர்வுக்கும் அடுத்த நகர்வுக்கும் இடையிலான நேரம், 1 ஃபெம்டோ விநாடி அளவில் இருக்க வேண்டும். அப்படியானால் ஒரு நானோ விநாடிக்கு 10 லட்சம் அடிகள், ஒரு மைக்ரோ விநாடிக்கு 100 கோடி. அவசரப்பட்டு அடியை நீட்டினால் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, விசை எகிறி, கணக்கு வெடித்துவிடும்.

வெடித்தால் ஒரு வகையில் நல்லது. தப்பு என்று உடனே தெரிந்துவிடும். சமர்த்தாக ஓடி முடிந்து, அழகான வரைபடமும் தந்துவிட்டுப் போகும் கணக்குதான் ஆபத்து. டிப்3பி என்று நீருக்கு ஒரு மாதிரி உண்டு; நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கும், தள்ளும் என்று சொல்லும் சூத்திரம் அது. புரதங்களைப் படிப்பவர்கள் அதை வெகுவாகப் பயன்படுத்துகிறார்கள். அறை வெப்பநிலைத் திரவ நீருக்காக உருவானது அது. அதை வைத்துப் பனிக்கட்டி செய்தால் சுமார் 146 கெல்வினிலேயே, அதாவது மைனஸ் 127 டிகிரி செல்சியஸில், உருகிவிடுகிறது! மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. பனிக்கட்டிக்கென்றே அமைத்த டிப்4பி/ஐஸ் மாதிரியில் உருகுநிலை 270 கெல்வின் பக்கம் வருகிறது. எந்த மாதிரியை எதற்காகச் செய்தார்கள் என்று தேடிப் படிப்பது சலிப்பான வேலைதான், ஆனால் ஆராய்ச்சியின் பாதி அதில்தான் இருக்கிறது என்பேன்.

பொருளறிவியலில் நிலைமை இன்னும் நுட்பமானது. அங்கே எலக்ட்ரான்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். எலக்ட்ரான்கள் எங்கே எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்பதிலிருந்து ஆற்றலைக் கணக்கிடும் அடர்த்திச் சார்பியக் கோட்பாடு அதற்குக் கைகொடுக்கிறது. அதற்காக வால்டர் கோனுக்கு 1998-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. கோட்பாடு துல்லியமானதுதான். ஆனால் அதன் ஒரு பகுதியின் வடிவம் யாருக்கும் முழுமையாகத் தெரியாததால் தோராயம் போட்டுக்கொள்கிறோம். 1996-இல் வந்த பிபிஇ அப்படிப்பட்ட ஒரு தோராயம். சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி, அதாவது கட்டுண்ட எலக்ட்ரான் மின்சாரம் கடத்தும் நிலைக்குத் தாவத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட். பிபிஇ சொல்வதோ 0.6 பக்கம்.

சரி, வேறு மென்பொருளில் போட்டுப் பார்த்தால்? அதே 0.6-தான் வரும். 2016-இல் வெளியான ஓர் ஆய்வு 15 மென்பொருள்களை 71 தனிமப் படிகங்களில் ஒப்பிட்டது. புதிய முறைகள் பெரும்பாலும் ஒத்துப்போயின. மென்பொருளை நம்பலாம் என்பதற்கு அது நல்ல சான்று. தோராயத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. எல்லோரும் ஒரே தோராயத்தைப் போட்டால் எல்லோருக்கும் ஒரே பிழைதான் வரும்.

பிபிஇ போன்றவற்றோடு இன்னும் துல்லியமான ஒரு கணக்கின் பகுதியையும் கலக்கும் எச்எஸ்இ போன்ற கலப்புத் தோராயங்கள் சிலிக்கானுக்கு உண்மைக்கு மிக அருகில் விடை தருகின்றன, ஆனால் கணினி நேரத்தைப் பல மடங்கு விழுங்கும். அதனால் பலரும் ஒரு சமரசம் செய்துகொள்கிறார்கள்: அணுக்கள் எங்கெங்கே அமர்கின்றன என்பதைப் பிபிஇ-யில் கண்டுபிடிப்பது, அதை அது ஓரளவு நன்றாகவே செய்யும்; இடைவெளியை மட்டும் அந்த அமைப்பின்மேல் எச்எஸ்இ-யில் கணக்கிடுவது.